முதல் பிஸ்டல் வாங்குபவருக்கு: துப்பாக்கியையும் வாரண்டியையும் சேர்த்து எடைபோடுவது எப்படி?

நான் வாங்கிய முதல் பிஸ்டல் மூன்றாவது மேகசினிலேயே (தோட்டாக்களை அடுக்கிப் பிடிக்குள் செருகும் பெட்டி) சிக்கிக்கொண்டது. சுட்ட தோட்டாவின் காலிக் கூடு வெளியே விழாமல், பிஸ்டலின் மேலே முன்னும் பின்னும் ஓடும் ஸ்லைடுக்கு நடுவே புகைபோக்கி மாதிரி நட்டுக்கொண்டு நின்றது. கம்பெனிக்காரனை மனசுக்குள் திட்டிக்கொண்டிருந்தபோது பயிற்சியாளர் எட்டிப் பார்த்தார். "தம்பி, கம்பெனிக்கு அனுப்புறது அப்புறம் இருக்கட்டும். முதல்ல வேற தோட்டா போட்டுப் பாருங்க. மணிக்கட்டையும் கொஞ்சம் இறுக்கிப் பிடிங்க" என்றார். இரண்டையும் செய்தேன். அன்று மாலை வரை ஒரு தடங்கலும் இல்லை.

இரண்டு வருடம் கழித்து அதே பிஸ்டல் நிஜமாகவே பழுதானது. கம்பெனியின் சர்வீஸுக்கு அனுப்பினேன். திரும்பி வர ஏறக்குறைய நான்கு மாதம் ஆயிற்று. வாரண்டிச் சீட்டில் குறையே இல்லை. பைசா செலவில்லாமல்தான் சரிசெய்தார்கள். ஆனால் அந்த நான்கு மாதத்தைப் பற்றிச் சீட்டில் ஒரு வரிகூட இல்லை.

புதிதாக வாங்க வருகிறவர்கள் பெரும்பாலும் துப்பாக்கியை முதலில் பிடித்துப்போய் வாங்கிவிட்டு, வாரண்டியைப் பழுதாகும் நாளில்தான் படிக்கிறார்கள். இரண்டையும் ஒரே தராசில், வாங்கும் முன்பே வைக்க வேண்டும்.

முதல் படி: உரிமம் என்ன சொல்கிறது, எதற்காக வாங்குகிறீர்கள்

சட்டப்படி அனுமதி பெற்றவர்களுக்கும், விண்ணப்பித்துக் காத்திருப்பவர்களுக்கும்தான் இதை எழுதுகிறேன். விதிகள் நாட்டுக்கு நாடு மாறும். சில இடங்களில் எந்த வகைத் துப்பாக்கி, எந்த அளவுத் தோட்டா என்பதை உரிமத்திலேயே எழுதிவிடுவார்கள். உலகம் முழுக்க அதிகம் புழங்கும் 9 மி.மீ. பாராபெல்லம் தோட்டாவே சில நாடுகளில் தனியாருக்குப் பொதுவாகக் கிடையாது. அதனால் மாடலைப் பற்றி யோசிக்கும் முன் உரிமத்தின் வாசகத்தை ஒரு தடவை நிதானமாகப் படித்துவிடுங்கள். பூட்டி வைக்கும் பெட்டிக்கும் இப்போதே பணம் ஒதுக்குங்கள். மிச்சம் இருந்தால் வாங்கலாம் என்று தள்ளிப்போடும் சாமான் அல்ல அது.

நோக்கம் என்ன என்பதும் முக்கியம். சுடும் தளத்தில் இலக்கைச் சுட்டுப் பழக என்றால், தயவுசெய்து சின்னப் பிஸ்டலை வாங்காதீர்கள். சின்னது என்றால் கையாள எளிது என்று புதியவர்கள் நினைக்கிறார்கள். உண்மை அதற்கு நேர்மாறு. ஸ்லைடின் எடை குறைந்தால் அதைக் கட்டுப்படுத்த ஸ்பிரிங் கடினமாக இருக்க வேண்டும்; ஸ்லைடு பின்னால் போய் வரும் தூரமும் குறைவு. காலிக் கூட்டை வெளியே தள்ளி, அடுத்த தோட்டாவை உள்ளே ஏற்றக் கிடைக்கும் அவகாசம் சுருங்கிவிடும். தோட்டா கொஞ்சம் வலுக்குறைந்தாலோ, பிடி கொஞ்சம் தளர்ந்தாலோ சிக்கும். கையிலும் உதைப்பு அதிகம். முழு அளவோ, அதற்கு ஒரு படி குறைந்ததோ வாங்குங்கள்.

இரண்டாவது படி: "நம்பகமானது" என்றால் எவ்வளவு?

விளம்பரத்தில் எல்லாப் பிஸ்டலும் நம்பகமானதுதான். அளந்து பார்க்க ஓர் அளவுகோல் வேண்டும். எனக்குப் பிடித்தது, அமெரிக்காவின் கலிஃபோர்னியா மாநிலச் சட்டத்தில் இருக்கும் சோதனை. ஒரு மாடலில் 3 துப்பாக்கிகளை எடுத்து ஒவ்வொன்றிலும் 600 தோட்டா சுடுவார்கள். முதல் 20 தடங்கலே இல்லாமல் போக வேண்டும். 600 முடியும்போது மொத்தத் தடங்கல் 6-ஐத் தாண்டக் கூடாது. அப்புறம் கீழே போடும் சோதனை: 1 மீட்டருக்கும் 1 சென்டிமீட்டர் கூடுதலான உயரத்திலிருந்து கான்கிரீட்டின் மேல், 6 வெவ்வேறு நிலைகளில் விழவிடுவார்கள். ஒரு தடவைகூட வெடிக்கக் கூடாது.

சட்டமே 600-க்கு 6 வரை பொறுத்துக்கொள்கிறது என்பதைக் கவனியுங்கள். இயந்திரம் என்றால் எப்போதாவது சிக்கும். புது பிஸ்டல் ஒரு தடவை சிக்கியதும் பதற வேண்டாம். அதே சமயம், 100 தோட்டாவுக்கு 4 தடவை சிக்குவதை "புதுசு, பழகிடும்" என்று கடைக்காரர் சொன்னால் தலையாட்டவும் வேண்டாம்.

கீழே விழும் விஷயத்தை லேசாக எடுத்துக்கொள்ளாதீர்கள். பெயர்பெற்ற நிறுவனங்களே இதில் தடுமாறியிருக்கின்றன. ரூகர் தன் எஸ்ஆர்9 மாடலை 2008-ல் இதற்காகவே திரும்ப அழைத்துப் பாகங்களை மாற்றிக்கொடுத்தது. சிக் சாவர் பி320 மாடலின் ஒரு வடிவத்தை அமெரிக்க ராணுவம் 2017 ஜனவரியில் தேர்ந்தெடுத்தது. அதே ஆண்டு ஆகஸ்டில், கடையில் விற்கும் பி320 சில கோணங்களில் விழுந்தால் வெடிக்கிறது என்று வெளியாட்கள் செய்த சோதனைகள் காட்டின. டிரிகர் உள்ளிட்ட பாகங்களை இலவசமாக மாற்றித்தருவதாக நிறுவனம் அறிவித்தது. பெரிய பெயர், ராணுவத் தேர்வு என்ற இரண்டும் இருந்தும் நடந்தது இது.

அதனால் பிராண்டைவிட மாடலின் வயதைத்தான் நான் முதலில் கேட்பேன். 2014-ல் கடைக்கு வந்த ரெமிங்டன் ஆர்51 அதே ஆண்டில் திரும்பப் பெறப்பட்டது. இத்தனைக்கும் ரெமிங்டன் 1816-லிருந்து துப்பாக்கி செய்த நிறுவனம். மறுபக்கம் சிஇசட் 75 என்ற மாடல் 1975-லிருந்து இருக்கிறது. க்ளாக் 17-ஐ ஆஸ்திரிய ராணுவம் 1982-ல் எடுத்துக்கொண்டது. பெரெட்டா 92-ஐ அமெரிக்க ராணுவம் 1985-ல் எடுத்துப் பல பத்தாண்டுகள் வைத்திருந்தது. இப்படி நாள்பட்ட மாடல்களின் கோளாறுகள் எல்லோருக்கும் தெரிந்தவை, திருத்தங்களும் முடிந்தவை. மேகசின், ஸ்பிரிங், உறை எல்லாம் எளிதாகக் கிடைக்கும். பழுதுபார்க்கிறவருக்கும் கை பழகியிருக்கும். அறிமுகமான முதல் வருடத்திலேயே ஒரு மாடலை வாங்குவது, கம்பெனிக்குச் சம்பளமில்லாமல் சோதனை செய்துகொடுப்பது மாதிரி.

மூன்றாவது படி: கடையில் கையில் எடுக்கும்போது

கடைக்காரர் கண் முன்னால் திறந்து காட்டிவிட்டுக் கொடுத்தாலும், நீங்களும் மேகசினைக் கழற்றி, ஸ்லைடை இழுத்து, உள்ளே தோட்டா இல்லை என்று கண்ணாலும் விரலாலும் பாருங்கள். இதை யாரும் அவமதிப்பாக எடுத்துக்கொள்ள மாட்டார்கள். செய்யாவிட்டால்தான் உங்களை ஒரு மாதிரி பார்ப்பார்கள். குழல் முனை யார் பக்கமும் திரும்பக் கூடாது. வெறுமனே டிரிகரை இழுத்துப் பார்க்க வேண்டும் என்றால் கேட்டுவிட்டுச் செய்யுங்கள். சில வகைகளில் அது பாகத்துக்கு நல்லதல்ல.

பிடித்தவுடன் ஆள்காட்டி விரலின் முதல் கணுவுக்கு முன்னால் உள்ள சதைப்பகுதி டிரிகரில் இயல்பாக உட்காருகிறதா? பிடியை மாற்றாமல் மேகசின் பொத்தானை அழுத்த முடிகிறதா? ஸ்லைடை நீங்களே முழுதாக இழுக்க முடிகிறதா? மூன்றுக்கும் ஆம் என்றால் அடுத்ததுக்குப் போகலாம். காலி மேகசினைப் போட்டு இழுத்தால் ஸ்லைடு பின்னால் நிற்க வேண்டும். பொத்தானை அழுத்தினால் மேகசின் தானாகக் கீழே நழுவ வேண்டும். பல மாடல்களில் அப்படித்தான், சிலவற்றில் வேண்டுமென்றே பிடித்து வைப்பார்கள்.

புதிதாகத் துப்பாக்கி வாங்குபவர் யாரும் பார்க்காத ஒன்று: குழலிலும் ஸ்லைடிலும் பொறித்த சின்னச் சின்ன முத்திரைகள். ஐரோப்பாவின் பல நாடுகளில், அதிக அழுத்தமுள்ள தோட்டாவைச் சுட்டுச் சோதித்த பிறகே இந்த முத்திரையைக் குத்துவார்கள். 1914-ல் உருவாகி பிரஸ்ஸல்ஸைத் தலைமையிடமாகக் கொண்ட சி.ஐ.பி. என்ற பன்னாட்டு ஆணையம் இதற்கான விதிகளை வகுக்கிறது. துப்பாக்கி அழுத்தத்தைத் தாங்கும் என்பதற்கு இது சாட்சி. சிக்காமல் சுடும் என்பதற்கு அல்ல. இரண்டையும் குழப்பிக்கொள்ள வேண்டாம்.

பழைய துப்பாக்கி என்றால் கூடுதலாகப் பாருங்கள். துப்பாக்கியின் தொடர் எண்கள் எங்கெல்லாம் பொறிக்கப்பட்டிருக்கின்றனவோ அவை ஒன்றுக்கொன்று பொருந்த வேண்டும். ஸ்லைடு ஓடும் தண்டவாளத்தில் விரிசல், குழலின் உள்ளே துருப்பள்ளம், டிரிகரில் யாரோ அரம் வைத்த தடம் இருந்தால் விட்டுவிடுங்கள். கடைசியாகச் சொன்னது வாரண்டியையும் சேர்த்தே கொன்றிருக்கும். அந்த எண்ணை வைத்து, திரும்ப அழைக்கப்பட்ட தொகுதியைச் சேர்ந்ததா என்று தயாரிப்பாளரிடம் விசாரித்துக்கொள்ளுங்கள்.

நான்காவது படி: தளத்தில் சோதிப்பது

முடிந்தால் வாங்கும் முன் அதே மாடலை வாடகைக்கு எடுத்துச் சுட்டுப் பாருங்கள். வாங்கிய பிறகு ஒரு சின்ன நோட்டு, ஒரு பெயிண்ட் பேனா. மேகசின்களின் அடியில் 1, 2, 3 என்று எழுதுங்கள். இரண்டு மூன்று நாளில் மொத்தம் 300 தோட்டாவாவது சுடுங்கள், ஒரே வகையாக இல்லாமல். 9 மி.மீ. என்றால் 115 கிரெயின், 124 கிரெயின், 147 கிரெயின் (குண்டின் எடையைச் சொல்லும் அலகு) என்று குண்டின் எடை மாறும். பெட்டியில் எழுதியிருக்கும். சில பிஸ்டலுக்கு ஒன்று ஒத்துவராது.

ஒவ்வொரு தடங்கலுக்கும் எந்த மேகசின், எந்தத் தோட்டா, எத்தனையாவது, யார் சுட்டது என்று குறியுங்கள். இந்த நோட்டு சொல்லும் விஷயங்களை எந்த நிபுணரும் சொல்ல முடியாது. தடங்கல் எல்லாம் 2-ஆம் எண் மேகசினில் மட்டும் என்றால் துப்பாக்கி நல்லது, மேகசின் கெட்டது. அதன் வாய் உதடுகள் வளைந்திருக்கலாம், ஸ்பிரிங் தளர்ந்திருக்கலாம். என் அனுபவத்தில், துப்பாக்கி கெட்டது என்று வந்தவர்களில் பாதிப் பேருக்கு மேகசினை மாற்றியதும் வேலை முடிந்தது. ஒரே பெட்டித் தோட்டாவில் மட்டும் என்றால் தோட்டா. நீங்கள் சுட்டால் சிக்குகிறது, நண்பர் சுட்டால் சிக்கவில்லை என்றால், சொல்லக் கஷ்டமாகத்தான் இருக்கிறது, உங்கள் பிடி. ஸ்லைடு பின்னால் ஓட, அதைத் தாங்கும் கீழ்ப்பகுதியான சட்டம் (ஃபிரேம்) அசையாமல் நிற்க வேண்டும். மணிக்கட்டு தளர்ந்தால் சட்டமும் ஸ்லைடோடு சேர்ந்து பின்னால் போய்விடும். ஸ்லைடுக்குப் போக வேண்டிய விசை உங்கள் கையோடு கரைந்துவிடும்.

எல்லா மேகசினிலும், எல்லாத் தோட்டாவிலும், யார் சுட்டாலும் சிக்குகிறதா? இப்போதுதான் துப்பாக்கி மேல் சந்தேகம். காலிக் கூடு, குழலின் பின்பக்கம் தோட்டா உட்காரும் அறைக்குள்ளேயே தங்கிவிட்டால், கூட்டைப் பிடித்து இழுக்கும் கொக்கியான எக்ஸ்ட்ராக்டரையும் அறையின் சுத்தத்தையும் பாருங்கள். டிரிகர் இழுத்தும் வெடிக்காத தோட்டாவின் அடியில் பள்ளம் மிக லேசாக இருந்தால் அடிக்கும் ஊசிக்கோ அதன் ஸ்பிரிங்குக்கோ வேலை இருக்கிறது. நல்ல ஆழமாக இருந்தால் தோட்டாதான் மோசம்.

இந்த இடத்தில் இரண்டு எச்சரிக்கை. வெடிக்காமல் போனால் முனையை இலக்குப் பக்கமே வைத்துக்கொண்டு 30 விநாடி காத்திருங்கள். தாமதமாக வெடிக்கும் தோட்டாவும் உண்டு. வெடிச் சத்தம் வழக்கத்தைவிட மெலிதாகக் கேட்டால் அடுத்ததைச் சுடவே சுடாதீர்கள். குண்டு குழலுக்குள்ளேயே நின்றிருக்கலாம். துப்பாக்கியைக் காலி செய்து, பிரித்து, குழலைப் பார்த்த பிறகுதான் மற்றதெல்லாம்.

ஐந்தாவது படி: வாரண்டியைப் படிப்பது

"ஆயுட்கால வாரண்டி" என்று போட்டிருந்தால் ஒரு கேள்வி கேளுங்கள்: யாருடைய ஆயுள்? உங்களுடையதா, துப்பாக்கியுடையதா, முதலில் வாங்கியவருடையதா, கம்பெனியுடையதா?

நான்கும் நடைமுறையில் வெவ்வேறு. அமெரிக்காவில் ஹை-பாயிண்ட் நிறுவனம் எத்தனையாவது கை மாறினாலும் சரிசெய்துகொடுக்கிறது. ஸ்மித் அண்ட் வெஸ்ஸனின் ஆயுட்காலச் சேவை முதலில் வாங்கியவருக்கு மட்டும். ஹை-பாயிண்ட் மிக மலிவான, யாரும் பெருமையாகக் காட்டாத துப்பாக்கி என்பது வேறு விஷயம். நீண்ட வாரண்டி நல்ல துப்பாக்கிக்கு அடையாளம் இல்லை என்பதற்கு அதுவே உதாரணம். அங்கேயே க்ளாக் எழுத்தில் கொடுத்துவந்தது ஒரே ஒரு வருடம்தான்; அதனால் யாரும் அதை வாங்காமல் விடவில்லை. இன்னும் வேடிக்கை ரூகர். அந்த நிறுவனம் பல காலம் எழுத்து வடிவ வாரண்டியே தரவில்லை. 1975-ல் வந்த மேக்னஸன்-மாஸ் என்ற அமெரிக்க வாரண்டிச் சட்டப்படி எழுதிக்கொடுத்தால் பல நிபந்தனைகளுக்குக் கட்டுப்பட வேண்டும். எழுதியே கொடுக்க வேண்டும் என்ற கட்டாயமும் இல்லை. அதனால் எழுதாமலே சரிசெய்துதருகிறோம் என்பது அவர்கள் வாதமாக இருந்தது. அவர்களுடைய சர்வீஸுக்கு நல்ல பெயர்தான்.

கம்பெனியின் ஆயுள்? ரெமிங்டன் 2020-ல் திவாலாகித் துண்டு துண்டாக ஏலம் போனது. இப்படிப் பிரிந்து விற்கப்படும்போது, பெயரை வாங்கியவர் பழைய வாக்குறுதியையும் சேர்த்து வாங்கியிருக்க வேண்டும் என்ற கட்டாயம் இல்லை.

மேலே சொன்னதெல்லாம் அமெரிக்க நிலவரம். வேறு நாட்டில் அதே பிராண்டுக்கு வாரண்டி கொடுப்பது பெரும்பாலும் இறக்குமதியாளர். அவர் எழுதியதுதான் உங்களுக்குச் செல்லும். பெட்டிக்குள் இருக்கும் ஆங்கிலச் சீட்டைப் பார்த்து ஏமாறாதீர்கள்.

சீட்டில் விதிவிலக்குகள் பகுதியை முதலில் படியுங்கள். வீட்டில் மறுபடி நிரப்பிய தோட்டாவைச் சுட்டால் வாரண்டி இல்லை என்பது ஏறக்குறைய எல்லாரும் போடும் நிபந்தனை. பிளஸ் பி என்று குறித்த 9 மி.மீ. தோட்டாவில் அழுத்தம் வழக்கமானதைவிடச் சுமார் 10 சதவீதம் அதிகம். அதைத் தங்கள் மாடலில் சுடலாமா என்பதைக் கையேட்டில் எழுதியிருப்பார்கள். வெளியில் வாங்கி மாட்டிய டிரிகர், துரு, தேய்ந்துபோகும் ஸ்பிரிங் எல்லாம் விதிவிலக்கில் வரும். பாதுகாப்புக் கோளாறுக்காகக் கம்பெனியே திரும்ப அழைப்பது மட்டும் தனிக் கணக்கு. வாரண்டி முடிந்திருந்தாலும் பொதுவாக இலவசமாகச் செய்துகொடுப்பார்கள்.

அப்புறம் சீட்டில் இல்லாத கேள்விகள். அனுப்பும் செலவு யாருடையது? துப்பாக்கியைச் சாதாரணப் பார்சலாக அனுப்ப முடியாது. உரிமம் பெற்ற வியாபாரி வழியாகத்தான் அனுப்ப வேண்டும் என்றால் அவருக்கும் கூலி உண்டு. சர்வீஸ் மையம் நாட்டுக்குள்ளா, கடல் தாண்டியா? கடல் தாண்டி என்றால் ஏற்றுமதி அனுமதி, மறுபடி இறக்குமதி அனுமதி என்று காகிதம் மட்டுமே மாதக்கணக்கில் ஓடும். சரிசெய்ய முடியாமல் வேறு துப்பாக்கி தந்தால் என்ன ஆகும்? பலர் இதை யோசிப்பதே இல்லை. புதுத் துப்பாக்கி என்றால் புது எண். புது எண் என்றால் உரிமத்தில் பதிவை மாற்ற வேண்டும். சட்டம் அதைப் புதிதாக வாங்கியதாகவே கருதலாம்.

சர்வீஸ் எப்படி என்று வாங்கும் முன்பே தெரிந்துகொள்ள ஒரு வழி சொல்கிறேன். கம்பெனியின் சர்வீஸ் பிரிவுக்கு, ஸ்லைடை முன்னுக்குத் தள்ளும் ரீகாயில் ஸ்பிரிங்கைப் பற்றி ஓர் எளிய கேள்வி எழுதுங்கள்: "இந்த மாடலுக்கு ரீகாயில் ஸ்பிரிங்கை எத்தனை தோட்டாவுக்கு ஒருமுறை மாற்ற வேண்டும்? தனியாகக் கிடைக்குமா?" எத்தனை நாளில், எவ்வளவு தெளிவாகப் பதில் வருகிறது என்று பாருங்கள். விற்பதற்கு முன்பே பதில் போடாதவர்கள் விற்ற பிறகு போடுவார்கள் என்று எதிர்பார்க்காதீர்கள்.

என்னைக் கேட்டால், ஒரு வருட வாரண்டியும், பக்கத்திலேயே பாகம் வைத்திருக்கும் தேர்ந்த பழுதுபார்ப்பவரும் உள்ள பிஸ்டலைத்தான் எடுப்பேன். ஆயுட்கால வாரண்டி இருந்து, சர்வீஸுக்குக் கடல் தாண்ட வேண்டும் என்றால் வேண்டாம். அந்த ஒரு வருடத்துக்குள் ஆயிரம் தோட்டா சுட்டுவிட்டால், உற்பத்திக் குறை இருந்தால் பெரும்பாலும் தெரிந்துவிடும். வாங்கிப் பெட்டியில் வைத்துவிட்டு வருடம் முடிந்த பிறகு முதல் தடவை சுடுகிறவர்களும் இருக்கிறார்கள்.

கடைசிப் படி: அனுப்ப வேண்டிய நாள் வந்தால்

முதலில் எழுதிக் கேளுங்கள், அனுமதி எண் வாங்குங்கள். மாற்றி மாட்டிய பாகங்களைக் கழற்றி அசல் பாகங்களைப் போடுங்கள். துப்பாக்கியிலோ பெட்டியிலோ ஒரு தோட்டாகூட இருக்கக் கூடாது. நான்கு பக்கமும், எண் தெரியும்படியும் படம் எடுத்து வையுங்கள். ரசீதின் நகல் போதும், அசல் உங்களிடமே இருக்கட்டும். "சரியாகச் சுடவில்லை" என்று எழுதினால் அவர்களிடம் இருக்கும் தோட்டாவைப் போட்டு 20 சுட்டுப் பார்த்து, கோளாறு இல்லை என்று திருப்பி அனுப்பிவிடுவார்கள். நோட்டில் உள்ளதை அப்படியே எழுதுங்கள்: 300 தோட்டாவில் 11 தடவை காலிக் கூடு அறையில் தங்கியது, 3 மேகசினிலும், 2 வகைத் தோட்டாவிலும்.

திரும்பி வந்ததும் எண்ணைச் சரிபாருங்கள், என்ன வேலை செய்தார்கள் என்ற சீட்டைக் கேட்டு வாங்குங்கள். மறுபடி 100 தோட்டாவாவது சுடாமல் அதை நம்ப வேண்டாம்.

என் பிஸ்டலோடு வந்த சீட்டில் "எக்ஸ்ட்ராக்டரும் ஸ்பிரிங்கும் மாற்றப்பட்டன" என்று இருந்தது. அன்றிலிருந்து ஒழுங்காகவே ஓடுகிறது. கூடவே அனுப்பிய மேகசின் மட்டும் திரும்பி வரவில்லை. கேட்டதற்கு, "நீங்கள் அனுப்பிய பட்டியலில் மேகசின் இல்லையே" என்றார்கள். எடுத்துப் பார்த்தேன். நான் எழுதவில்லைதான்.